வாய்க்காலில் ஒரு வேதியாலை

நுழையும்முன்

வேதியாலை என்றதும் வானை முட்டும் புகைபோக்கிகளும் மலைபோன்ற கொள்கலன்களும் நம் மனக்கண்ணில் தோன்றும். தலைமுடியின் தடிமனைப்போல் சில மடங்கே அகன்ற வழிகளில் வேதிப்பொருள்களை ஓடவிட்டு, டன் கணக்கில் விளைபொருளைப் பெறும் ஆலைகளும் இன்று உள்ளன. ஆலையைச் சிறிதாக்க வேண்டிய தேவை எதனால் எழுந்தது? அதனால் காக்கப்படுவது எது? ஏரிப்பாசனம் அறிந்த நமக்கு இவ்வினாக்களின் விடை எளிதில் விளங்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு வடமேற்கே அமைந்துள்ளது மேல்மலையனூர். அங்காளபரமேசுவரி கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் விளைகின்றன. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இப்பகுதியில் இல்லை. மழைநீரை ஏரியில் தேக்கி, மதகின் வழியே வாய்க்காலில் விட்டு, மடை திறந்து வயலுக்குப் பாய்ச்சுவதே இங்குள்ள உழவர்களின் வழிவழி வந்த முறை.

ஏரியில் நிற்பதும் வாய்க்காலில் ஓடுவதும் ஒரே நீர்தான். எனினும் இரண்டையும் உழவர் ஒன்றாகக் கருதுவதில்லை. வாய்க்காலின் கரை உடைந்தால் மண்வெட்டியால் நான்கு கொத்து மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார். அதற்குள் ஒரு வரப்போ இரண்டு பாத்தியோ நனைந்திருக்கும். ஏரிக்கரையில் விரிசல் கண்டாலோ ஊரே திரண்டு மணல்மூட்டைகளுடன் இரவெல்லாம் விழித்திருக்கும். நீரின் தன்மை மாறவில்லை. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே வேறுபாடு.

'வாய்க்கால்' என்னும் சொல்லை ஒரு நொடி நின்று நோக்குவோம். 'கால்' என்பதற்கு நீர் செல்லும் வழி என்னும் பொருளும் உண்டு. வாய், கால் என்னும் இரு சொற்களை முன்பின்னாக வைத்து வாய்க்கால் என்றும் கால்வாய் என்றும் தமிழர் வழங்கினர். ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான அகலமுடைய வழிகளில் வேதிவினை நிகழுமாறு அமைக்கப்பட்ட கருவியை இப்பாடத்தில் 'நுண்வாய்க்கால் வினைகலன்' என்று அழைப்போம். வயல்வெளியின் சொல் ஆலைக்குள்ளும் அழகாகப் பொருந்துகிறது.

அண்டாவும் தட்டும்

திருமண வீடுகளில் அண்டாவில் வடித்த சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்புவதைப் பார்த்திருப்போம். அண்டாவிலேயே விட்டால் நடுவிலுள்ள சோறு மணிக்கணக்கில் ஆறாது, குழைந்தும் போகும். வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாக. வெப்பம் தங்கியிருப்பதோ கனஅளவு முழுவதிலும். கனசதுர வடிவிலான ஒரு கலனின் பக்க அளவை இரண்டு மடங்காக்கினால் அதன் கனஅளவு எட்டு மடங்காகும். புறப்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். கலன் பெரிதாகப் பெரிதாக அதிலுள்ள வெப்பம் வெளியேறும் வழி ஒப்பளவில் சுருங்கிக்கொண்டே போகிறது.

சோறு தானாக மேலும் சூடாவதில்லை. பல வேதிவினைகளின் நிலை அத்தகையதன்று. வெப்ப உமிழ்வினை ஒன்றில் வெப்பநிலை உயர்ந்தால் வினையின் வேகமும் உயரும். வேகம் உயர்ந்தால் இன்னும் கூடுதலான வெப்பம் பிறக்கும். வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் உயரும்போது வினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் வழங்கும் ஒரு பொதுக்கணிப்பு. குளிர்விக்கும் ஆற்றல் அவ்வளவு விரைவாகப் பெருகுவதில்லை. ஒரு கட்டத்தில் பிறக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை முந்திவிடும். அதன்பின் வினை மனிதர் கையில் இல்லை.

இதற்கு நைட்ரோகிளிசரினைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. இத்தாலிய வேதியியலார் அஸ்கானியோ சோப்ரேரோ 1847இல் இதனை முதன்முதலில் உருவாக்கினார். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் கிளிசராலைச் சேர்த்தால் நைட்ரோகிளிசரின் கிடைக்கும். கூடவே பெருவெப்பமும் பிறக்கும். அவ்வெப்பத்தை உடனுக்குடன் நீக்காவிட்டால் கலன் வெடித்துச் சிதறும். ஆல்பிரட் நோபலின் தம்பி எமில், 1864இல் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த நைட்ரோகிளிசரின் வெடிவிபத்தில் உயிரிழந்தார்.

பின்னர் ஸ்காட்லாந்தின் ஆர்டீர் என்னும் இடத்தில் நோபல் நிறுவிய ஆலையில், கலனின் வெப்பமானியைக் கண்காணிக்கும் தொழிலாளிக்கு ஒற்றைக்கால் முக்காலி ஒன்று தரப்பட்டது. கண்ணயர்ந்தால் அவர் கீழே விழுவார், விழித்துக்கொள்வார். ஏறக்குறைய ஒரு டன் வெடிபொருள் நிறைந்த கலனுக்கும் பேரழிவுக்கும் இடையே நின்றது, தூக்கத்தை வெல்ல வேண்டிய ஒரு மனிதரின் கண் இமை. ஒற்றைக்கால் இருக்கையை முக்காலி என்று எழுதுவது பொருந்தாதுதான். ஆயினும் அதற்கு வேறொரு சொல்லை நம் மொழி தேட வேண்டிய தேவை எழாதது நல்லதே.

இவ்வேதியியல் நமக்குத் தொலைவிலுள்ள ஒன்றன்று. நீலகிரி மலை இரயில் நின்று செல்லும் அருவங்காட்டில் 1903இல் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் உரிய உந்துபொருளான கார்டைட்டின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று நைட்ரோகிளிசரின். ஆகவே, கைமீறக்கூடிய வினையைக் கட்டிக்காக்கும் தொழில் தமிழ்நாட்டு மலையொன்றில் நூறாண்டுகளுக்கும் மேலாக அறியப்பட்டிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நைட்ரோகிளிசரின் செய்முறையில் பெரும் மாற்றம் வந்தது. கலனில் ஊற்றிக் கலக்கும் முறை கைவிடப்பட்டது. அமிலக் கலவை ஒரு குறுகிய குழாயில் விரைந்து பாயும். அப்பாய்ச்சலே கிளிசராலை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு மணிநேரம் நிகழ்ந்த வினை இரண்டு மணித்துளிகளில் முடிந்தது. ஒரு டன் இருந்த இடத்தில் சில கிலோ மட்டுமே இருந்தது. இவ்வமைப்பின் நுட்பம் மேலும் ஒன்று. அமிலத்தின் ஓட்டம் தடைப்பட்டால் கிளிசராலும் தானாகவே நின்றுவிடும். விழித்திருந்து வால்வை மூட எவரும் தேவையில்லை.

தேக்கிவைத்த நஞ்சு

நிலக்கடலை, பருத்தி, காய்கறிப் பயிர்களில் 'செவின்' என்னும் பெயரில் தூவப்பட்ட பூச்சிக்கொல்லியை முதிய உழவர்கள் நினைவில் வைத்திருப்பர். அதன் வேதிப்பெயர் கார்பரில். 2018இல் இந்திய அரசு அதனைத் தடைசெய்துவிட்டது. அப்பூச்சிக்கொல்லியைச் செய்த ஆலைகளுள் ஒன்று மத்தியப் பிரதேசத்தின் போபால் நகரில் இருந்த யூனியன் கார்பைடு ஆலை.

கார்பரில் செய்வதற்கு மெத்தில் ஐசோசயனேட் என்னும் இடைப்பொருள் அங்குப் பயன்பட்டது. இடைப்பொருள் என்பது முதலில் உருவாகி, அடுத்த வினையில் முழுதும் செலவாகிவிடும் பொருள். எவரும் அதனை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை; ஆலையின் வாயிலைத் தாண்டி அது வெளியே செல்ல வேண்டியதும் இல்லை. உருவான கணமே அடுத்த வினைக்குச் செலுத்திவிட இயலுமாயின் அதனைச் சேமிக்கும் தேவையே எழாது. ஆயினும், ஒரு பகுதியில் பணி தடைப்பட்டாலும் மறுபகுதி தொடர்ந்து இயங்க வேண்டும் என்னும் வசதிக்காக அது பெருந்தொட்டிகளில் தேக்கிவைக்கப்பட்டது.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, 610 என்னும் எண்ணுடைய தொட்டிக்குள் நீர் புகுந்தது. அத்தொட்டியில் ஏறக்குறைய 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. நீருடன் அது வினைபுரிந்து வெப்பம் பெருகியது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. நள்ளிரவுக்குப்பின் நச்சுவாயு உறங்கும் நகரின்மீது படர்ந்தது. வாயுக்கசிவால் நேர்ந்த உயிரிழப்புகள் என மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த எண்ணிக்கை 3,787. பின்வந்த ஆண்டுகளில் நோயுற்று இறந்தோரும் வாழ்நாள் முழுதும் மூச்சுக்குப் போராடியோரும் இக்கணக்கில் அடங்கார்.

இப்பேரழிவு குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் பழுதான வால்வுகளையும் பொறுப்பற்ற மேலாண்மையையும் சுட்டுவர். அவை உண்மையே. ஆனால், அவற்றுக்கும் முந்திய வினா ஒன்று உண்டு. அந்த 40 டன் அங்கு ஏன் இருந்தது?

இவ்வினாவைப் போபாலுக்கு முன்பே எழுப்பியவர் டிரெவர் கிளெட்ஸ் என்னும் பிரிட்டானியப் பொறியாளர். இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ஆலையில் 1974 சூன் 1ஆம் நாள் சைக்ளோஹெக்சேன் ஆவி கசிந்து வெடித்ததில் 28 பேர் மாண்டனர். நைலானுக்குரிய மூலப்பொருளைச் செய்த அவ்வாலையில், கலன்களில் நுழையும் பொருளில் சிறுபங்கே ஒவ்வொரு சுற்றிலும் வினையுற்றது. எஞ்சியது மீண்டும் மீண்டும் சுற்றிவந்தது. அதனால் எந்நேரமும் பெருமளவு எரிபொருள் ஆலைக்குள் நிறைந்திருந்தது. காவல் அமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைவிட, காக்க வேண்டிய இடர்ப்பொருளின் இருப்பையே குறைப்பது முதற்கடமை என்று கிளெட்ஸ் 1978 முதல் எழுதிவந்தார். போபாலுக்குப்பின் உலகம் அக்கருத்துக்குச் செவிகொடுத்தது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் டெக்சாஸ் மாநிலத்து ஆலை ஒன்றில், மெத்தில் ஐசோசயனேட்டைத் தேவைப்படும்போது உருவாக்கி உடனுக்குடன் செலவிட்டுவிடும் செய்முறையை அமைத்தது. தேக்கிவைக்கும் தொட்டி அங்குத் தேவைப்படவில்லை. (அதே ஆலையில் 2014இல் வேறொரு நச்சுப்பொருள் கசிந்து நால்வர் இறந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பொருளின் இருப்பைக் குறைத்தது மற்றொன்றின் இடரைக் குறைத்துவிடவில்லை.)

நுண்வாய்க்காலின் கணக்கு

இருப்பைக் குறைக்கும் எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றால் நாம் வந்துசேரும் இடமே நுண்வாய்க்கால் வினைகலன். கண்ணாடி, எஃகு, நிக்கல் கலப்புலோகம், பீங்கான் ஆகியவற்றுள் ஒன்றாலான தகடுகளில் மெல்லிய பள்ளங்களைச் செதுக்குவர். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டினால் பள்ளங்கள் மூடிய வாய்க்கால்களாகும். ஓர் அடுக்கில் வேதிப்பொருள்கள் ஓடும். அதற்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளில் குளிர்நீரோ சூடான எண்ணெயோ ஓடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள உருளைக் கலனில், ஒரு கனமீட்டர் நீர்மத்துக்கு இரண்டு சதுரமீட்டர் பக்கச்சுவரே கிடைக்கும். அகலமும் உயரமும் அரை மில்லிமீட்டராக உள்ள வாய்க்காலில் அதே ஒரு கனமீட்டர் நீர்மத்துக்கு 8,000 சதுரமீட்டர் சுவர் கிடைக்கும். நாலாயிரம் மடங்கு வேறுபாடு. வெப்பம் பிறந்த இடத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள தொலைவோ கால் மில்லிமீட்டர். பாயில் பரப்பிய சோற்றைவிட மெல்லிய படலம் இது.

அடுத்தது கலத்தல். பெருங்கலனில் துடுப்பு சுழன்று நீர்மங்களைக் கலக்கும். துடுப்பின் அருகே நன்கு கலக்கும். மூலைமுடுக்குகளில் கலவாது தேங்கும். நுண்வாய்க்காலில் துடுப்பு இல்லை. அங்கு நீர்மம் சுழிப்பின்றி இழைஇழையாக நகரும். இயற்பியல் பாடத்தில் இதனை வரிச்சீர் ஓட்டம் என்று படிக்கிறோம். ஒரு நீர்மத்தின் மூலக்கூறு பக்கத்து நீர்மத்துக்குள் விரவிச் செல்வதால் மட்டுமே கலத்தல் நிகழ வேண்டும். விரவுதல் மிக மெதுவானது. ஒரு மில்லிமீட்டர் தொலைவைக் கடக்கச் சிறிய மூலக்கூறுக்கு ஏறக்குறைய ஆயிரம் நொடிகள் ஆகும். ஆனால் இக்காலம் தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. தொலைவைப் பத்தில் ஒன்றாக்கினால் காலம் நூறில் ஒன்றாகும்: பத்து நொடி. இன்னும் பத்தில் ஒன்றாக்கினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே, நீர்மங்களை மெல்லிய இழைகளாகப் பிரித்து அருகருகே ஓடவிடும் அமைப்புகளை வாய்க்காலின் தொடக்கத்தில் வைப்பர்.

மூன்றாவது, தங்கும் காலம். அமாவாசை இரவில் மேல்மலையனூரில் அம்மனின் ஊஞ்சல் உற்சவம் காணப் பெருங்கூட்டம் கூடும். திறந்த வெளியில் நிற்கும் கூட்டத்தில் ஒருவர் ஐந்து மணித்துளி நிற்கலாம். மற்றொருவர் ஐந்து மணிநேரம் நிற்கலாம். தடுப்புக் கட்டிய வரிசையில் நின்றவரோ முன்னவர் நகர நகரத் தாமும் நகர்ந்து, ஏறக்குறைய எல்லாரும் ஒரே கால அளவில் வழிபாட்டை முடிக்கிறார். பெருங்கலனுள் மூலக்கூறுகள் திறந்தவெளிக் கூட்டம். வாய்க்காலில் அவை வரிசை. வினை போதாமல் வெளியேறுவதும், வினை மிகுந்து வேண்டாத துணைப்பொருளாக மாறுவதும் வரிசையில் குறைகின்றன. சுவரை ஒட்டி ஓடும் இழை நடுவில் ஓடும் இழையைவிட மெதுவாகவே செல்லும் என்பதால் இவ்வொழுங்கு முழுமையானதன்று. எனினும் அண்டாவைவிட மேலானது.

"இவ்வளவு சிறிய வழியில் எவ்வளவுதான் கிடைக்கும்?" என்று வினவத் தோன்றும். அரை மில்லிமீட்டர் சதுர வாய்க்காலில், நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் நீர்மம் ஓடுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றே மேல் கிடைக்கும். மிகக் குறைவுதான். இத்தகைய வாய்க்கால்கள் ஆயிரத்தை ஒரே அடுக்கில் அமைத்தால் நாளொன்றுக்கு 2,160 லிட்டர். ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு மீட்டர் நீளம் என்றால், ஆயிரம் வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் இருக்கும் நீர்மம் எவ்வளவு தெரியுமா? கால் லிட்டர். ஒரு குவளை நீரின் அளவே கொண்ட கருவி, பத்து நொடிக்கு ஒருமுறை தன்னை நிரப்பி வெறுமையாக்கிக்கொண்டு, நாள் முழுவதும் டன் கணக்கில் தருகிறது.

உற்பத்தியைப் பெருக்குவதற்கும் இங்குப் புதிய வழி உண்டு. வழக்கமான ஆலையில் ஆய்வகக் குடுவையிலிருந்து சிறு கலன், அதிலிருந்து பெருங்கலன் என்று கனஅளவைக் கூட்டுவர். ஒவ்வொரு படியிலும் வெப்பமும் கலத்தலும் புதிதாக நடந்துகொள்வதால் ஆண்டுக்கணக்கில் ஆய்வு வேண்டும். நுண்வாய்க்கால் முறையில் வாய்க்காலின் அளவைக் கூட்டுவதில்லை, எண்ணிக்கையைக் கூட்டுவர். ஒன்றில் நிகழ்வதே ஆயிரத்திலும் நிகழும் என்பது அடிப்படை எண்ணம்.

தெரியுமா?

நிலக்கரிச் சுரங்கங்களில் எரிவாயு தீப்பற்றி வெடிப்பதைத் தடுக்க, ஹம்ப்ரி டேவி 1815இல் ஒரு காப்பு விளக்கை அமைத்தார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை போர்த்தியதே அதன் நுட்பம். சுடர் வலையின் சிறு துளைகளைக் கடக்கும்போது உலோகம் அதன் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். வெளியே உள்ள வாயு தீப்பற்றாது. போதிய அளவு குறுகிய வாய்க்காலில், வெடிக்கும் வாயுக்கலவைகளையும் அச்சமின்றிக் கையாள இயல்வதற்கும் இதுவே காரணம்.

ஆய்வகத்தைத் தாண்டி

1980களின் பிற்பகுதியிலிருந்து செருமனியில் இத்துறை வேர்விட்டது. கார்ல்ஸ்ரூ ஆராய்ச்சி மையமும் மைன்ஸ் நகரின் நுண்தொழில்நுட்ப நிறுவனமும் அதில் முன்னின்றன. இத்துறைக்கான முதல் பன்னாட்டு மாநாடு 1997இல் பிராங்பர்ட்டில் கூடியது. கார்ல்ஸ்ரூவில் வடிவமைக்கப்பட்ட ஒரு வினைகலன் 2005இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலுள்ள ஆலையில் பொருத்தப்பட்டது. நீளம் 65 சென்டிமீட்டர்; எடை 290 கிலோ. உள்ளே பல்லாயிரம் நுண்வாய்க்கால்கள். மணிக்கு 1,700 கிலோ நீர்மம் அதன் வழியே சென்றது. பத்து வாரங்களில் 300 டன்னுக்கும் மிகுதியான விளைபொருள் கிடைத்தது. ஒரு பள்ளி மேசைமீது வைக்கத்தக்க கருவி அது, மேசைதான் தாங்காது.

ஏறக்குறைய அதே காலத்தில், மைன்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பைக்கொண்டு சீனாவின் சியான் நகரில் நைட்ரோகிளிசரின் ஆலை ஒன்று உருவானது. மணிக்கு 15 கிலோ தரும் அவ்வாலையின் விளைபொருள் வெடிமருந்துக்கு அன்று, இதயநோய் மருந்துக்கு. நைட்ரோகிளிசரின் இரத்தக்குழாயை விரிவாக்கி நெஞ்சுவலியைத் தணிக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட செய்தி. ஒற்றைக்கால் இருக்கையில் தொடங்கிய பயணம் நுண்வாய்க்காலுக்கு வந்துசேர்ந்ததை இங்குக் காண்கிறோம்.

இந்தியாவில் புனே நகரின் தேசிய வேதியியல் ஆய்வகம் இத்துறையில் முன்னோடி. அங்குப் பணியாற்றும் அமோல் குல்கர்னி, தொடர் ஓட்ட முறையில் மருந்து, சாயம் ஆகியவற்றின் இடைப்பொருள்களையும் வெள்ளி நுண்ணிழைகளையும் செய்யும் வழிகளை ஆராய்ந்துவருபவர். பொறியியல் அறிவியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருது 2020இல் அவருக்கு வழங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நுண்வழிகளில் நீர்மங்கள் ஓடும் இயல்பு குறித்த ஆய்வுகள் நடைபெற்றுவருகின்றன.

எல்லா வினைக்கும் உரியதா?

வாய்க்காலில் வண்டல் படிந்தால் தூர்வார வேண்டும். நுண்வாய்க்காலுக்கும் பெரும்பகை வண்டலே. வினையின்போது உப்போ நிறமியோ திண்மத் துகளாகப் படிந்தால் அரை மில்லிமீட்டர் வழி விரைவில் அடைபடும். ஆயிரத்தில் எது அடைபட்டது என்று கண்டறிவதும் எளிதன்று. சில வழிகள் அடைபட்டால் எஞ்சியவற்றில் ஓட்டம் மாறும். 'ஒன்றில் நிகழ்வதே ஆயிரத்திலும் நிகழும்' என்னும் எண்ணம் அங்கே தடுமாறுகிறது. கடைமடைக்கும் தலைமடைக்கும் ஒரே அளவு நீர் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை உழவரிடம் கேட்டால் தெரியும்.

மெதுவான வினைகளுக்கு இக்கலன் பொருந்தாது. பத்து மணிநேரம் தேவைப்படும் வினையைப் பத்து நொடி வாய்க்காலில் முடிக்க இயலாது. அழுத்தத்தையும் வெப்பநிலையையும் உயர்த்திச் சில வினைகளை விரைவுபடுத்தலாம், எல்லாவற்றையும் அன்று. பொருளியல் தடையும் உண்டு. ஏற்கெனவே விலைகொடுத்து நிறுவிய பெருங்கலன்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்க ஆலை உரிமையாளர் தயங்குவார். அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில், குப்பைமேட்டு வாயுவையும் இயற்கை எரிவாயுவையும் நுண்வாய்க்கால் வினைகலன் வழியே நீர்ம எரிபொருளாக மாற்றும் ஆலை 2017இல் உற்பத்தியைத் தொடங்கியது; மறுஆண்டிலேயே நின்றுபோனது. தொழில்நுட்பம் புதியது என்பதனாலேயே வென்றுவிடும் என்று கருத இடமில்லை.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். வாய்க்காலில் கால் லிட்டரே இருந்தாலும், அதற்கு ஊட்டும் நைட்ரிக் அமிலம் எங்கோ ஒரு தொட்டியில் இருக்கத்தான் செய்யும். 2020 மே 7ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் 12 உயிர்களைப் பறித்தது தொட்டியில் தேக்கிவைத்த ஸ்டைரீன். அது இடைப்பொருள் அன்று, மூலப்பொருள். வினைகலனை எவ்வளவு சிறிதாக்கினாலும் அத்தகைய தொட்டியின் இடர் நீங்காது. ஏரியே வேண்டா என்று பாசனத்தில் எவரும் சொல்லமாட்டார். மழை மூன்று மாதம், பயிருக்கோ அதற்கு மேலும் நீர் வேண்டும். ஆலையிலும் சிலவற்றைத் தேக்கியே ஆக வேண்டும். தேக்க வேண்டியதையும் தேக்கத் தேவையற்றதையும் பிரித்தறிவதே பொறியாளரின் பணி. இடைப்பொருள்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அண்மையில் உள்ளவை

மேல்மலையனூரிலிருந்து தென்கிழக்கே கடற்கரையை நோக்கிச் சென்றால் கடலூர் சிப்காட் தொழில்வளாகத்தை அடையலாம். மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி சார்ந்த வேதித்தொழில்கள் அங்கு இயங்குகின்றன. இத்தகைய தொழில்களில் நைட்ரோ ஏற்றம், டையசோ ஆக்கம் ஆகிய வினைகள் அன்றாடம் பயன்படுபவை. அறிவியல் பிரிவு மாணவர் டையசோனியம் உப்பைப் பற்றி அடுத்த ஆண்டு படிப்பர். 0° முதல் 5° செல்சியஸ் வரையிலான குளிரில் அதனை வைத்திருக்க வேண்டும், உலர்ந்தால் வெடிக்கக்கூடியது. துணிக்கு நிறம் தரும் அசோ சாயங்கள் பலவும் அதன் வழியே பிறப்பவை. பெருங்கலனில் பனிக்கட்டியைக் கொட்டிக்கொட்டிச் செய்யும் இவ்வினையை நுண்வாய்க்காலில் நிகழ்த்தினால், உப்பு உருவான சில நொடிகளில் அடுத்த வினையில் செலவாகிவிடும். உலர்வதற்கு நேரமே இல்லை. சாயம் திண்மமாகப் படிவதைத் தடுப்பதுதான் இங்குள்ள அறைகூவல்.

இடரில்லாத எடுத்துக்காட்டு ஒன்று இன்னும் அருகில், திண்டிவனத்தில் இருக்கிறது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை இரகங்கள் டி.எம்.வி. என்னும் எழுத்துகளுடன் வழங்குகின்றன. திண்டிவனத்தின் பெயரே அவ்வெழுத்துகளில் சுருங்கியுள்ளது. தாவர எண்ணெயுடன் மெத்தனாலைச் சேர்த்து வினைவேக மாற்றியின் துணையுடன் வினைபுரியச் செய்தால் உயிரி டீசலும் கிளிசராலும் கிடைக்கும். எண்ணெயும் மெத்தனாலும் எளிதில் கலவாதவை என்பதால் கலனில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் கலக்க வேண்டும். நுண்வாய்க்காலில் இரண்டும் மெல்லிய படலங்களாக அடுத்தடுத்து ஓடுவதால் இவ்வினை சில மணித்துளிகளில் நிறைவேறுவதை ஆய்வகங்கள் காட்டியுள்ளன. உண்ணும் கடலை எண்ணெயை இதற்குச் செலவிடுதல் தகாது. பலகாரக் கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெய் போதும். அது ஒவ்வோர் ஊரிலும் சிறிது சிறிதாகவே சேர்வது. அதனைத் திரட்டித் தொலைவிலுள்ள பேராலைக்குக் கொண்டுசெல்லும் செலவில் பயன் கரைந்துவிடும். சேரும் இடத்திலேயே வைத்து இயக்கத்தக்க சிறு வினைகலன், ஒரு வட்டத் தலைநகரின் எண்ணெய்க்கு ஏற்ற அளவு.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊர் ஏரி அல்லது கிணற்றிலிருந்து கடைமடை வரை நீர் செல்லும் வழியை வரைந்து, மதகு, மடை, கலிங்கு முதலிய பாசனச் சொற்களுள் எவை வேதியாலையின் உறுப்புகளுக்குப் பெயராகப் பொருந்தும் என வகுப்பில் கலந்துரையாடுக.

ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டிக்கும் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கும், ஒரு கனமீட்டர் நீர்மத்துக்குக் கிடைக்கும் சுவர்ப்பரப்பைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

'610ஆம் தொட்டியில் 40 டன் ஏன் இருந்தது?' என்னும் தலைப்பில், ஆலை மேலாளர், தொழிலாளி, நகரவாசி ஆகிய மூவரும் பேசுவதாக உரையாடல் ஒன்று எழுதுக.